மரத்தரை: நான் செய்து பட்டவை, இன்றும் பலர் செய்பவை

இரண்டு மாதம் முன் நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். சமையலறை வாசலில் பலகைகளின் ஓரங்கள் தூக்கி நிற்கின்றன. கீழே ஒரு வரி: "சனிக்கிழமை மெஷின் வாடகைக்கு எடுத்து இழைத்துவிடப் போகிறேன்." உடனே போன் செய்து தடுத்தேன். தண்ணீரை வாளியோடு கொட்டக் கூடாது, நாற்காலியைத் தரையில் இழுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓரம் தூக்கிய பலகையை உடனே இழைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன்.

ஈரம் ஏறினால் மரம் நீளவாட்டில் அதிகம் மாறாது, அகலவாட்டில்தான் உப்பும். மேலே வார்னிஷ் இருக்கிறது, அடியில் பெரும்பாலும் வெறும் மரம். குழாய்க் கசிவோ, இடுக்கில் இறங்கிய மாப் தண்ணீரோ அடியிலேயே தங்கிவிடும். அடிப்பக்கம் உப்ப, மேல்பக்கம் அப்படியே இருக்க, ஓரங்கள் எழும்பி நடு குழிந்துவிடும்.

எங்கள் வீட்டில் சிங்க் அடியில் கசிவு. அடைத்த பத்தாம் நாளே இழைத்தேன். உள்ளங்கையால் தடவினால் எங்கும் தட்டவில்லை. இரண்டு கோட் பாலியூரித்தேனும் (மரத்துக்கு மேல் அடிக்கும் பிளாஸ்டிக் போன்ற காப்புப் பூச்சு) அடித்தாயிற்று. மூன்று மாதம் கழித்து ஒரு காலை, ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தது. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஒரு வெளிச்சக் கோடு, இரு ஓரத்திலும் நிழல். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் முட்டிக்கொண்டு இரு பக்கமும் ஆடியது.

அடி ஈரம் காய்ந்ததும் பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஓரத்து மரத்தை நான் ஏற்கெனவே சீவி எடுத்துவிட்டேனே! அதனால் இப்போது நடு மேடு, ஓரம் பள்ளம். இதைச் சரிசெய்ய மறுபடி இழைக்க வேண்டும், ஆனால் மரம் எங்கே இருக்கிறது? 19 மி.மீ. முழு மரப் பலகையிலும், பக்கத்துப் பலகையின் பள்ளத்தில் கோக்க ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்குக்கு மேலே ஏறக்குறைய 6 மி.மீ.தான். நான் ஏற்கெனவே சீவியதும் அந்த ஓரத்தைத்தான். அடுக்கு மரப் பலகை (ஒட்டுப்பலகை மேல் மெல்லிய நல்ல மரம் ஒட்டியது) என்றால் மேல் மரம் 2 முதல் 4 மி.மீ., சிலவற்றில் 1 மி.மீ. கூடத் தேறாது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள். அப்புறம் காற்றோட்டம், ஈரம் உறிஞ்சும் மெஷின், பொறுமை. வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள். ஊசி வைத்த ஈரமானியால் கெட்ட இடத்தையும், அதே தரையில் நனையாத இடத்தையும் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இரண்டும் நெருங்கி வந்து அங்கேயே நின்றால்தான் இழைப்பதைப் பற்றியே யோசிக்க வேண்டும். பல தரைகள் அதற்குள் தானாகவே படிந்துவிடும். நண்பர் வீட்டில் ஈரமானி காட்டுவது: நனையாத படுக்கையறை 8%, சமையலறை 13%-இலிருந்து 10%-க்கு இறங்கியிருக்கிறது. ஓரங்களும் பாதி அமுங்கிவிட்டன.

பாலியூரித்தேன் மேல் மெழுகு

முதல் வாரம் பளபளக்கும். பிறகு அதில் அழுக்கு ஒட்டும். புதுக் கோட் அடிக்கும் நாளில்தான் பெரிய செலவு: மெழுகின் மேல் பூச்சு பிடிக்காது, சரி செய்ய வெறும் மரம் வரை தேய்க்க வேண்டியிருக்கும். முதலில் பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. மரம் கறுத்துச் சொட்டை உறிஞ்சினால் புதுக் கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது.

நீராவி மாப்

வேண்டாம். சூட்டோடு இடுக்கில் இறங்குவதும் தண்ணீர்தான்.

வினிகர்

அமிலம். நாளடைவில் பூச்சை மங்கவைக்கும்.

ஓக் மரத்தில் ஸ்டீல் உல்

ஸ்டீல் உல் என்ற தேய்க்கும் இரும்பு நாரிலிருந்து உதிரும் துகளும் ஓக்கில் இயல்பாகவே உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புப் புள்ளி. துடைத்தால் போகாது.

எண்ணெய் தோய்ந்த துணி

ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். உலரும்போது அது சூடாகும், குவியலுக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள்.