ஆடிக் காற்றில் கதவுக்கு பாலிஷ்: தூசி எடுப்பதுதான் பாதி வேலை

பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலிஷ் வேலை வந்தால் ஒத்துக்கொள்ளவே யோசிப்பேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, கதவைத் திறந்தால் போதும், நடுவீடு வரைக்கும் மண்ணைக் கொண்டுவந்து போட்டுவிடும். ஆனால் எல்லாருக்கும் ஆவணியில்தான் கிரகப்பிரவேசம். "தலைவாசக் கதவை மட்டுமாச்சும் ஆடிக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க மேஸ்திரி" என்பார்கள். முடியும். தூசி எடுக்கிற வேலைக்கு அரை நாள் ஒதுக்கினால்.

காய்ந்த பாலிஷைத் தடவும்போது சொரசொரவென்று இருந்தால் உடனே வார்னிஷ் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் அது தூசிதான். கதவின் மேலே கண்ணுக்குத் தெரிகிற தூள் பெரிய விஷயமில்லை, அதை யாரும் துடைத்துவிடுவார்கள். தேக்கின் வளையத்தை ஒட்டி ஊசி குத்தியதுபோல் துளைகள் இருக்குமே, அதற்குள் அடைந்த மாவும், நாம் கிளப்பிவிட்டு இன்னும் தரையிறங்காத தூசியும்தான் வேலையைக் கெடுப்பவை.

அதனால் உப்புத்தாள் போட்ட இடத்திலேயே பாலிஷ் அடிக்காதீர்கள். கதவைக் கழற்றி வெளியே தேய்த்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். கழற்ற முடியாவிட்டால் தேய்க்கிற வேலையை முதல் நாள் சாயங்காலமே முடித்து, ஃபேன் இறக்கை, நிலைக்கு மேல்விளிம்பு, ஜன்னல் கம்பி எல்லாம் துடைத்து, தரையை ஈரத்துணியால் மாப் போட்டு, இரவு முழுக்க மூடிவையுங்கள். காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் அடித்துவிடலாம். தரையில் லேசாகத் தண்ணீர் தெளிப்பது நல்லதுதான், ஆனால் குளம் கட்டக் கூடாது. என்.சி. லாக்கர் (தின்னரில் கரைத்து அடிக்கிற நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ்) அடிப்பதாக இருந்தால் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும்.

தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995-லேயே சொல்லிவிட்டது. தோளில் கிடக்கிற துண்டை மூக்கில் கட்டுவதெல்லாம் மனத்திருப்திக்குத்தான்.

துளைக்குள் இருப்பதை எடுக்க வேக்யூம் மாதிரி எதுவும் இல்லை. முனையில் பிரஷ் மாட்டி, நார் ஓடுகிற திசையிலேயே மேலிருந்து கீழே இழுங்கள். கம்ப்ரசரை வைத்து ஊதுவது நம் ஆட்களுக்குப் பிடித்த வேலை. வீட்டுக்குள் அதைச் செய்தால் கதவில் இருந்த தூசி சுவருக்குப் போய், அரை மணியில் ஈர வார்னிஷ் மேல் திரும்ப வந்து உட்காரும். குழாயில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் வேறு மரத்தில் தெறிக்கும். ஊதித்தான் ஆகவேண்டும் என்றால் வெளியே, தண்ணீரை வடித்துவிட்டு. பூவேலை செய்த கதவு என்றால் பழைய பெயிண்ட் பிரஷ்ஷின் மயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, இதழ் இதழாகக் கிளறிக்கொண்டே பக்கத்தில் வேக்யூம் பிடிக்க வேண்டும். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

பிறகு துடைப்பது. திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. புதுசாக அப்படியே எடுத்தால் பஞ்சு உதிரும். இரண்டு மூன்று தடவை துவைத்துக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். எதில் நனைப்பது என்பது அடுத்து அடிக்கப்போவதைப் பொறுத்தது. எண்ணெய் வார்னிஷ், பி.யு. (பாலியூரித்தேன் பாலிஷ்) என்றால் டர்பண்டைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. அது முழுக்க ஆவியாகிப் போன பிறகே பாலிஷ். தண்ணீரில் கரைக்கிற பாலிஷ் என்றால் வெறும் ஈரத்துணி. தண்ணீர் பட்டால் மரத்தில் நார் எழும்பும் என்பதால், முன்கூட்டியே ஒருமுறை நனைத்துக் காயவிட்டு 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிடுவது என் வழக்கம். அரக்கு பாலிஷின் கோட்டுகளுக்கு நடுவில் மட்டும் ஸ்பிரிட் தொடவே கூடாது, அடித்த கோட்டே கரைந்து துணியோடு வந்துவிடும். தின்னர் வாடை அடிக்கிற அறையில் வேக்யூமும் போடாதீர்கள், ஒரு பொறி போதும்.

துடைத்தாயிற்றா? விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத தூளெல்லாம் நிழலோடு தெரியும்.

சீலர், அதாவது பாலிஷுக்கு முன்னால் மரத்துளையை அடைக்கப் பூசுகிற அடிக்கோட், அடித்துத் தேய்த்த பிறகு இதே வேலை மறுபடியும் உண்டு. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். சீலர் மாவு வெள்ளை. கறுத்த ஸ்டெயின் (மரச்சாயம்) போட்ட தேக்கில் அது துளைக்குள் நின்றுவிட்டால், மேலே கோட் போட்டதும் சுண்ணாம்புக் கோடு மாதிரி தெரியும். அப்புறம் சுரண்டுவதைத் தவிர கதியில்லை.

பிரஷ்ஷை எடுக்குமுன் தேய்த்தபோது போட்டிருந்த சட்டையை மாற்றுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். டப்பாவில் ஆடை கட்டிய வார்னிஷை நைலான் துணியில் வடிகட்டுங்கள். முடிந்தால் கதவை நிறுத்திவைத்தே அடியுங்கள்; படுக்கவைத்த கதவில்தான் தூசி அதிகம் இறங்கும். வழிந்துவிடாமல் இருக்க மெல்லிய கோட் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு புள்ளி விழும். ஈரத்தில் விரலால் நோண்டாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) சோப்புத் தண்ணீரில் தொட்டு மெதுவாகத் தேய்த்துத் துடைத்து அடுத்த கோட் போடலாம். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் அமுக்கிவையுங்கள்.