பொதுத் தொலைநோக்கிக்கு அடுத்து என்ன? நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மொட்டைமாடியில் 14 அங்குல விட்டக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. நான்கு கல்லூரிகள் சேர்ந்து பணம் போட்டு வாங்கியது. பத்து வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று மூன்று முறை கூடினோம். மூன்று முறையும் முதலில் எழுந்த கேள்வி ஒன்றேதான்: "சார், இதைத் தள்ளிட்டு 24 அங்குலமா வாங்கிருவோமா?"

முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் வருவது ஒரு விகலை. 14 அங்குலக் கண்ணாடி கணக்குப்படி ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் கடல்மட்டத்தில் தலைக்கு மேலே இருக்கும் காற்று விண்மீனை இரண்டு விகலைக்கும் மேலாகக் கலைத்துவிடுகிறது. 24 அங்குலம் வாங்கினால் வெளிச்சம் கூடும், படம் கூர்மையாகாது. கூர்மை வேண்டுமென்றால் மலைக்குப் போக வேண்டும். அதற்குத்தான் காவலூர் இருக்கிறது. ஜவ்வாது மலையில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. நல்ல ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்தால் பல்கலைக்கழகக்காரர்களும் அங்கே நேரம் கேட்கலாம். அதோடு போட்டிபோட நமக்கு வேலையில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கரையிலிருந்து என்ன செய்யலாம்? நாம் இருப்பது வட அட்சம் 9 பாகையில். ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து நமக்கு 33 பாகை உயரம் வரை ஏறும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது தொடுவானத்தைத் தாண்டுவதே இல்லை. சிலிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தென்வானம் நம்மைவிட நன்றாகத் தெரியும், சரி. ஆனால் ஒரு மாறொளி விண்மீன் (ஒளி கூடிக் குறைகிற விண்மீன்) ஆஸ்திரேலியாவில் மேற்கே சாயத் தொடங்கி, தென்னாப்பிரிக்காவில் இன்னும் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் நமக்கு உச்சிக்கு வருகிறது. நாடு விட்டு நாடு கைமாற்றி அதை விடாமல் அளக்கிறவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் தேவை. அந்த வேலைக்கு 14 அங்குலம் போதும்.

மாற்ற வேண்டியது பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அதன் பின்னால் மாட்டியிருக்கும் கருவி. பழைய புகைப்படத் தகடு, விழுந்த ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் பதிவு செய்தது. இன்றைய சிசிடி (ஒளியை மின்சாரமாக மாற்றிப் பதியும் சில்லு) 80-க்கு மேல் பிடிக்கிறது. 1948-இல் தொடங்கிய பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கி இன்றும் வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உப்பு. வெளியூர் நிபுணர்கள் எழுதும் திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. தொலைநோக்கிக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். காற்றில் வரும் உப்புத்துகள் அதன்மேல் உட்காரும். காய்ந்திருக்கும்வரை அவ்வளவு தொல்லையில்லை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்து, பூச்சைத் தின்ன ஆரம்பிக்கும். எங்கள் கரையில் இரவில் 75-ஐத் தாண்டாத நாள் அபூர்வம்.

எங்கள் தொலைநோக்கிக்கு முன்பக்கம் ஒரு கண்ணாடித் தட்டு மூடியிருப்பதால் உள்ளே இருக்கும் கண்ணாடி பத்து வருடம் தாங்கிவிட்டது. 24 அங்குலத்தில் கிடைப்பவை பெரும்பாலும் திறந்த சட்டம். இங்கே அதை நிறுத்துவது, கருவாடு காயப்போடுகிற இடத்தில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திறந்து வைப்பது மாதிரிதான். அந்த முன்தட்டின் நிலையும் சொல்லும்படி இல்லை. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, முதல் வருடம் மூக்குக்கண்ணாடித் துணியால் அதைத் துடைத்தவன் நான்தான். உப்புக்கல்லை அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று நாற்பது வயதில் தெரிந்துகொண்டேன். அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. முதலில் காற்றை ஊதித் தூசியை நீக்க வேண்டும், அப்புறம் வாலைவடிநீர், கடைசியில்தான் துணி, அதுவும் அழுத்தாமல்.

திருகாணிகளும் அப்படித்தான். சாதாரண எவர்சில்வர் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு புள்ளிபுள்ளியாக அரித்துவிட்டது. படகுக்குப் போடுகிற 316 ரகம் வாங்குங்கள், ராமேசுவரத்துக் கடைக்காரரே சொல்வார். பகலில் டோமை (தொலைநோக்கிக்கு மேலிருக்கும் திறந்து மூடும் கூரையை) மூடி ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டும் மின்கட்டணத்தைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எப்போது மூட வேண்டும் என்பதற்கு ஈரமானியில் 85 சதவீதம் என்று வைத்திருக்கிறோம். ஆனால் எங்கள் காவலாளி அண்ணன் முன்பு விசைப்படகில் போனவர். "வாடைக்காத்து திரும்பிருச்சு சார், மூடிருங்க" என்று அவர் சொன்னால் ஈரமானியைப் பார்க்காமலே மூடிவிடுவோம்.

இரவுகளைப் பங்கு பிரிப்பதில் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. முதலில் வருடத்தை நான்காக வெட்டினோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைத்த கல்லூரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கிடைத்தது. டோம் திறந்த இரவுகளை விரல்விட்டு எண்ணலாம். அவர்கள் முறையிட்டதும் வாராவாரம் மாற்றினோம், நியாயமாகத்தான் தெரிந்தது. நான்கு கல்லூரிக்கு நான்கு வாரம், 28 நாளில் ஒரு சுற்று. நிலவின் சுற்று 29 அரை நாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒரே கல்லூரிக்கு மாதக்கணக்கில், வானம் வெளுத்துக் கிடக்கும் பௌர்ணமி வாரமே விழுந்தது. வானியல் படித்தவர்கள் நிறைந்த குழு இதைக் கண்டுபிடிக்க அரை வருடமானது, வெட்கம்தான்.

இப்போது யாருக்கும் தனி இரவு கிடையாது. எந்த விண்மீன், எவ்வளவு நேரம், எவ்வளவு இருட்டு வேண்டும் என்று நால்வரும் பட்டியல் தருகிறார்கள். அன்றைய வானத்துக்குப் பொருந்துவதைப் பணியில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். லாஸ் கும்ப்ரெஸ் ஆய்வகம் உலகம் முழுக்க இருக்கும் தன் தொலைநோக்கிகளில் இதையே மென்பொருளால் செய்கிறது. எங்களுக்கு ஒரு நோட்டும் வாட்ஸ்அப் குழுவும் போதும்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. கருவி வாங்க நிதி கிடைத்துவிடும், அதை ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் கிடைப்பது கஷ்டம். ஆளை முதலில் எழுதுங்கள்.

இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் உற்சாகமாகக் குருசடைத் தீவில் வைத்தால் நல்ல இருட்டு கிடைக்கும் என்றார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா என்று நினைவூட்டினோம். தனுஷ்கோடி என்றார். 1964 புயலை நினைவூட்ட வேண்டியதாயிற்று. இருட்டைத் தேடி ஓடுவதைவிட இருக்கிற இருட்டைக் காப்பது மலிவு. தெருவிளக்குக்கு மேலே ஒரு தகரமூடி போட ஊராட்சியிடம் கேட்பதுதான் நாங்கள் செய்ததிலேயே குறைந்த செலவுள்ள மேம்பாடு. முட்டையிலிருந்து வந்து கடலுக்குப் போகும் ஆமைக்குஞ்சுகளுக்கும் அது நல்லது.

ஊர்க்காரர்களை வெளியே நிறுத்துவதும் தவறுதான். 2010 ஜனவரி 15-ஆம் தேதி தனுஷ்கோடியில் கங்கணச் சூரிய கிரகணம் பத்து நிமிடம் நீடித்தது. பொங்கல் விடுமுறையில் அங்கே கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள், இந்த மக்களுக்கு வானத்தில் ஆர்வமில்லை என்று சொல்லமாட்டார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் பழைய வானாய்வகமான லிக் ஆய்வகத்துக்கான பணத்தை 2018-க்குள் நிறுத்தப்போவதாக 2013-இல் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது, மறு வருடமே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். யாரும் வந்து பார்க்காத தொலைநோக்கிக்காக யார் குரல் கொடுப்பார்?

தரவும் கவலைக்கிடம்தான். கொடைக்கானலில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படங்களை இன்று கணினியில் ஏற்றி ஆய்வு செய்கிறார்கள். எங்களிடம் ஏழு ஹார்ட் டிஸ்க். அதில் 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'நிஜமான கடைசி' என்று கோப்புறைகள்.

எல்லோரும் தள்ளிப்போடுவது பிரிவைப் பற்றிய பேச்சு. அரிசோனாவில் மூன்று பல்கலைக்கழகங்களும் தேசிய ஆய்வகமும் சேர்ந்து நடத்திய 3.5 மீட்டர் வின் (WIYN) தொலைநோக்கியிலிருந்து 2014-இல் யேல் விலகியது. புதிய பங்காளிகளும் NEID என்ற நிறமாலைமானியும் (ஒளியை நிறம்நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி) வந்ததால் அது பிழைத்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 2018-இல் கைவிட்ட யெர்க்ஸ் ஆய்வகம், ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும்வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருந்தது. போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ என்ற பெரிய ரேடியோ தொலைநோக்கியில், மேலே கருவிமேடையைத் தாங்கிய வடங்களில் முதலாவது 2020 ஆகஸ்டில் கழன்றது, டிசம்பர் 1-ஆம் தேதி எல்லாமே கீழே கிடந்தது. யோசிக்க நான்கு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பழைய ஒப்பந்தத்தில் விலகுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூன்றாவது கூட்டத்தில் எழுத உட்கார்ந்தோம். விலகும் கல்லூரி ஒரு வருடம் முன்பே சொல்ல வேண்டும். போட்ட பணம் திரும்பாது. தரவு நால்வருக்கும் பொது. இதுவரை எல்லோரும் தலையாட்டினார்கள். தொலைநோக்கி நின்றுபோனால் டோமைக் கழற்றி இறக்கும் செலவை நால்வரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற வரியைப் படித்ததும் ஒரு கல்லூரி முதல்வர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டம் தை பிறந்த பிறகு.