அக்டோபர்ஃபெஸ்ட் நாட்களில் மியூனிக்கில் குடியேறும் மாணவர்களுக்கு

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் முறைப்படி அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பமாகும். ஆகவே இரண்டு மூன்று வாரம் முன்னதாக, செப்டம்பர் இறுதியில் போய் இறங்கினால் எல்லாவற்றையும் நிதானமாக முடித்துவிடலாம் என்று மாணவர்கள் கணக்கிடுகிறார்கள். வேறு நகரங்களுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு மியூனிக்குக்குப் பொருந்தாது. 1810 அக்டோபரில் நடந்த ஓர் அரச திருமணக் கொண்டாட்டத்திலிருந்து வளர்ந்த அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா, இதமான வானிலைக்காகப் பிற்காலத்தில் முன்னுக்குத் தள்ளப்பட்டு, இப்போது செப்டம்பர் 15க்குப் பின் வரும் சனிக்கிழமை தொடங்கி பெரும்பாலும் அக்டோபரின் முதல் ஞாயிறு வரை நடக்கிறது. 2026இல் அது செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. ஏறத்தாழ 15 லட்சம் பேர் வாழும் நகரத்தின் திருவிழா மைதானத்துக்கு அந்த இரண்டு வாரங்களில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன.

எனவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் தங்குமிடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். விடுதி அறைகளின் வாடகை திருவிழா நாட்களில் பல மடங்கு உயர்கிறது. மாணவர் விடுதிகளுக்கோ நீண்ட காத்திருப்புப் பட்டியல் உண்டு. நிரந்தர அறை கையில் இல்லையென்றால், செப்டம்பர் முதல் வாரத்திலேயே வந்துவிடுவது நல்லது, அல்லது திருவிழா முடிந்த மறுநாள் வருவது நல்லது. இடையில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், ஆக்ஸ்பர்க், லாண்ட்ஸ்ஹூட் போன்ற அண்டை நகரங்களில் சில நாட்கள் தங்குவதைப் பற்றி யோசியுங்கள். வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மியூனிக் வந்துவிடலாம். மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் அந்த ரயில்களில் செல்லும், அதிவேக ஐ.சி.இ. ரயில்களில் செல்லாது.

அறை கிடைக்காத பதற்றத்தைப் பயன்படுத்தும் மோசடிகளும் உண்டு. தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் ஒருவர் எழுதினால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அத்துடன் அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். முறையான வாடகை ஒப்பந்தத்தில், மின்சாரம், வெப்பமூட்டல் போன்ற கூடுதல் செலவுகள் சேராத அடிப்படை வாடகையின் மூன்று மாத அளவைப் பிணைத்தொகை தாண்டக் கூடாது என்பது சட்டம். அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் செலுத்த வாடகைதாரருக்கு உரிமை உண்டு. பல மாணவர்களுக்கு இது தெரிவதில்லை.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, முகவரிப் பதிவுக்கான சான்றை உரிமையாளர் தருவாரா என்பதாகும். வீடு புகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் எனப்படும் இந்தப் பதிவுக்கு, வீட்டைத் தருபவர் கையொப்பமிட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்ற சான்று தேவை. திருவிழாவுக்காக நாள் வாடகைக்கு விடப்படும் அறைகளில் இதைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். பதிவு தள்ளிப்போனால், அஞ்சலில் வர வேண்டிய வரி அடையாள எண் தாமதமாகும், வங்கிக் கணக்கும் சிக்கலாகும். கணக்கு இல்லாமல், விசாவுக்காக முடக்கி வைத்த தொகையிலிருந்து மாதப்பணத்தை எடுக்க முடியாது. ஆகவே முதல் மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாகக் கொண்டு வருவது அவசியம். பதிவுக்கான நேர ஒதுக்கீட்டை இணையத்தில் ஊரிலிருந்தே தேடத் தொடங்கலாம். பிறர் ரத்து செய்யும் நேரங்கள் அவ்வப்போது திரும்பத் தோன்றும். கிடைத்த நாள் இரண்டு வாரம் கடந்ததாக இருந்தால், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அறைக்குள் நுழைந்த அன்றே அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். ஜெர்மனியில் அஞ்சல்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே கடிதம் போடுகிறார்; பெயர் இல்லையென்றால் வங்கி அட்டையும் வரி எண்ணும் அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும்.

வந்திறங்கும் நாளைப் பற்றி இரண்டு சொற்கள். விமான நிலையத்திலிருந்து எஸ்1, எஸ்8 என்ற இரு புறநகர் ரயில்கள் நகருக்கு வருகின்றன. எஸ்1 மத்திய நிலையத்தை அடையும் முன், திருவிழாக் கூட்டம் ஏறி இறங்கும் ஹாக்கர்ப்ரூக்கே வழியாகச் செல்லும். பெட்டிகளோடு வருபவர்கள் கிழக்குப் பக்கமாக வரும் எஸ்8இல் ஏறுவது மேல். கார்ஹிங் பல்கலைக்கழக வளாகத்துக்கோ ஸ்டூடென்டன்ஸ்டாட் விடுதிக்கோ செல்பவர்கள் மரீன்பிளாட்ஸில் இறங்கி யு6 பாதாள ரயிலுக்கு மாறலாம். மியூனிக் அமைந்துள்ள பவேரியா மாநிலத்தில் கடைகள் பொதுவாக இரவு 8 மணிக்கு மூடப்படும். ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் திறப்பதில்லை. 2026இல் ஜெர்மன் ஒற்றுமை நாளான அக்டோபர் 3 சனிக்கிழமையில் வருவதால், மறுநாள் ஞாயிறையும் சேர்த்து இரண்டு நாள் கடைகள் அடைப்பு. வெள்ளி இரவு இறங்குபவருக்கு ரயில் நிலையக் கடைகளும் உணவகங்களும் மட்டுமே கதி.

இவை ஒருவாறு ஒழுங்கான பிறகு திருவிழாவுக்குச் செல்லுங்கள். அதைத் தவிர்க்க வேண்டியதில்லை; ஆனால் சனிக்கிழமை மாலையில் தொடங்க வேண்டாம். வார நாளின் நண்பகலில் கூட்டம் குறைவு, முன்பதிவு இல்லாமலே பீர் கூடாரங்களில் இடம் கிடைக்கும், மைதானத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. மூன்று லிட்டர் கொள்ளளவுக்கு மேற்பட்ட பைகளை உள்ளே விடுவதில்லை என்பதால் மடிக்கணினிப் பையோடு போகாதீர்கள். அங்கே ஒரு லிட்டர் குவளையில் தரும் பீர் வழக்கமானதைவிடச் சற்று வீரியமானது. குடிக்காதவர்கள் எலுமிச்சைப் பானம் கேட்டால் யாரும் வியப்பதில்லை. மரபுடையும் கட்டாயமல்ல. இரவில் துணை தேவைப்படும் பெண்களுக்கு மைதானத்தின் சேவை மையத்தில் தனி உதவியிடம் உள்ளது. என்னைக் கேட்டால், புதியவருக்குக் கூடாரங்களைவிட முதல் ஞாயிறு காலை தெருக்களில் செல்லும் மரபுடை ஊர்வலமே நல்ல தொடக்கம். ஓரத்தில் நின்று கட்டணமின்றிப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் எந்தக் குழு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தாமாகவே சொல்லத் தொடங்குவார்.

திருவிழாவில் பகுதிநேர வேலை செய்து சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தை முதல் ஆண்டில் விட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், வேலைக்குத் தேவையான வரி எண்ணும் வங்கிக் கணக்கும் கைக்கு வருவதற்குள் கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பாத்திரம் பண்டம் வாங்குவதையும் சற்றுத் தள்ளிப்போடலாம். அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டி மரியாஹில்ஃப்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஔவர் டுல்ட் என்ற சந்தை ஒன்பது நாட்கள் கூடும். பாத்திரக் கடைகளுக்கே பெயர்பெற்ற சந்தை அது. ஒரு சட்டி, இரண்டு தட்டு, ஒரு கத்தி என்று புது அறைக்கு வேண்டியவற்றை அங்கே பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.