ஸ்ட்ரீமிங் இருக்கட்டும், உயிரான பாட்டெல்லாம் நம்ம கையில இருக்கணும்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஸ்ட்ரீமிங் ஆப்ல டவுன்லோட் பட்டனை அழுத்திட்டா பாட்டு நம்மளோடதாயிடுச்சுன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, அது அப்படி இல்லைங்க. அந்த ஃபைல் பூட்டு போட்டுத்தான் வரும், வேற எந்த ப்ளேயர்லயும் ஓடாது, சந்தா கட்டுறத நிறுத்தினா அதுவும் நின்னுரும். ஸ்பாட்டிஃபைல 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டுக்கு வரலைன்னா டவுன்லோட் பண்ணி வெச்சது போயிடும். சில சமயம் சேவையையே மூடிடுவாங்க, கூகுள் ப்ளே மியூசிக் 2020ல அப்படித்தான் போச்சு.

அதுக்காக ஸ்ட்ரீமிங் வேணாம்னு சொல்லல. புதுப் பாட்டு தேட அதை விட வசதி கிடையாது. இழக்கவே கூடாதுன்னு நினைக்கிற பாட்டை மட்டும் தனியா சேத்து வைங்க.

படி 1: அந்த மாதிரி பாட்டுக்கு ஒரு லிஸ்ட் போடுங்க. சின்னதா இருந்தா போதும்.

படி 2: பூட்டு இல்லாத ஃபைலா வாங்குங்க. பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கிற சைட்ல வாங்கினா எம்பி3 (சுருக்கின சின்ன ஃபைல்), ஃப்ளாக் (தரம் குறையாத பெரிய ஃபைல்) எது வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஐடியூன்ஸ் ஸ்டோர்லயும் 2009லேருந்து பாட்டுக்குப் பூட்டு கிடையாது. பழைய சிடி இருந்தா கம்ப்யூட்டர்ல போட்டு ரிப் பண்ணிக்கலாம், அதாவது பாட்டை ஃபைலா மாத்தி எடுத்துக்கலாம். திருட்டு சைட் பக்கம் போகாதீங்க, பாடினவங்களுக்கு ஒண்ணும் போகாது, அதோட சில சமயம் 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிக்கு எவ்ளோ டேட்டாங்கற அளவு, கூட இருந்தா தரமும் கூட) ஃபைலையே 320ன்னு மாத்தி போட்டிருப்பாங்க, சைஸ் தான் பெருசாகும், போன தரம் திரும்ப வராது.

படி 3: ஃபார்மட். 320 கேபிபிஎஸ் எம்பி3ல 4 நிமிஷப் பாட்டு கிட்டத்தட்ட 10 எம்பி, அதாவது 64 ஜிபி கார்டுல சுமார் 6,000 பாட்டு. ஃப்ளாக்ல சத்தத்தோட தரம் துளி கூட குறையாது, ஆனா ஒரு பாட்டே 25, 30 எம்பி வரும். கம்ப்யூட்டர்ல ஃப்ளாக், போன்ல எம்பி3ன்னு வெச்சுக்கறது என்னைக் கேட்டா நல்லது, ஃப்ளாக்லேருந்து எம்பி3 எப்ப வேணா எடுக்கலாம், எம்பி3லேருந்து அந்தத் தரத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

படி 4: டேக், அதாவது பாட்டுப் பேரு, ஆல்பம், பாடகர்னு ஃபைலுக்குள்ளயே இருக்கற விவரம். இதை விட்டுட்டா "ட்ராக் 01", "ட்ராக் 02"ன்னு குப்பையா கிடக்கும், தேடினா எதுவும் கிடைக்காது. மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஃபோல்டரை இழுத்து அதுல போட்டு ஸ்கேன் குடுத்தீங்கன்னா பாட்டோட சத்தத்தை வெச்சே அது என்ன பாட்டுன்னு தேடும், கிடைச்சா வலது பக்கம் வந்து நிக்கும், சரியான ஆல்பம் தானான்னு ஒரு பார்வை பாத்துட்டு சேவ் பண்ணுங்க. படப் பாட்டுன்னா ஒரு விஷயம் முக்கியம், ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொருத்தர் பாடியிருக்கறதால ப்ளேயர் ஒரே ஆல்பத்தைப் பத்துத் துண்டா காட்டும். எல்லா பாட்டுக்கும் "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்"ங்கற இடத்துல இசையமைப்பாளர் பேரை ஒரே ஸ்பெல்லிங்ல போடுங்க, சட்டுனு ஒண்ணா சேந்துரும். பாடகர் பேரு "ஆர்ட்டிஸ்ட்"லயே இருக்கட்டும்.

படி 5: போனுக்கு காப்பி பண்ணி விஎல்சிங்கற இலவச ப்ளேயர் ஆப்ல திறங்க, எம்பி3, ஃப்ளாக் ரெண்டும் ஓடும்.

படி 6: பேக்கப். மைஸ்பேஸ்ங்கற பழைய சோஷியல் மீடியா சைட்ல 2003லேருந்து 2015 வரைக்கும் ஏத்தின பாட்டெல்லாம் சர்வர் மாத்தும்போது அழிஞ்சு போச்சு, அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா நம்ம ஒத்தை ஹார்ட் டிஸ்க்கை எப்படி நம்பறது. கம்ப்யூட்டர்ல ஒண்ணு, வெளி டிஸ்க்ல ஒண்ணு, வீட்டுக்கு வெளிய இல்லைன்னா க்ளவுட்ல ஒண்ணுன்னு மூணு காப்பி வைங்க, அப்பப்போ அந்த வெளி டிஸ்க்கை மாட்டி நாலஞ்சு பாட்டு ஒழுங்கா ஓடுதான்னு போட்டுப் பாருங்க.