ட்வின் பிளாக் போடும் பிள்ளைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

பிள்ளையின் மேல்வரிசைப் பற்கள் முன்னே நீட்டி, கீழ் உதடு அவற்றுக்குப் பின்னால் போய் மாட்டுகிறதா? சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்வதில்லையா? பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் தக்கலைப் பக்கம் அப்படித் தள்ளிப்போடுவது வழக்கம். பல்லை மட்டும் நேராக்க அது சரி. கீழ்த்தாடையே பின்தங்கியிருந்தால் வேகமாக வளரும் வயதிலேயே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அந்த வேக வளர்ச்சி பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும், ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிந்தும். கதவு நிலையில் உயரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள், உதவும். செலவை நினைத்துத் தயங்குபவர்கள் குலசேகரத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

என் மகனுக்குப் போட்டது ட்வின் பிளாக், கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும், கழற்றி மாட்டுகிற கருவி. ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கியது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு பிளேட். இரண்டிலும் சுமார் 70 டிகிரி சாய்வுள்ள கட்டைகள் இருக்கும். வாயை மூடினால் கீழ்க்கட்டை மேல்கட்டைக்கு முன்னால் சறுக்கி வந்து நிற்கும், தாடையும் கூடவே முன்னுக்கு வரும். தாடை எலும்பு மிகப் பெரிதாக வளர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம், மாற்றத்தின் பெரும்பங்கு பற்கள் நகர்வதால்தான் வருகிறது. ஆனாலும் முன்பல் உள்ளே வருவது சாதாரண நன்மையல்ல. நீட்டிய பல்தான் விழும்போது முதலில் உடையும்.

போட்டால்தான் பலன், டப்பாவில் இருந்தால் ஒன்றும் நடக்காது. எங்கள் மருத்துவர் சொன்னது: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் போட்டிருக்க வேண்டும், பல் தேய்க்க, நீந்த, கபடி விளையாட மட்டும் கழற்றலாம். திற்பரப்பு அருவிக்குப் போனால் முதலில் டப்பாவில் வையுங்கள்.

முதல் வாரம்தான் கஷ்டம். எச்சில் ஊறும், காலையில் கன்னம் வலிக்கும், ‘ச’வும் ‘ஸ’வும் குழறும். அந்த நாட்களில் கஞ்சியும் பயறும் கொடுத்தேன். ராத்திரி, “மக்களே, ஒரு பக்கம் சத்தமா வாசி” என்று பாடப்புத்தகத்தைக் கையில் கொடுப்பேன். பேச்சு அப்படித்தான் தெளிந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளை கூச்சப்பட்டுக் கழற்றுவது பெரும்பாலும் அங்கேதான்.

முந்திரிக்கொத்தும் கடினமான முறுக்கும் பிளேட்டோடு வேண்டாம். நேந்திரங்காய் சிப்ஸ் அறவே கூடாது என்பதில்லை, ஒவ்வொன்றாக, பின்பல்லில் வைத்துக் கடிக்கட்டும்.

கல்யாண வீட்டில்தான் அதிகமாகத் தொலைகிறது. பாயசம் வரும்போது கழற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள், இலையோடு மடங்கிக் குப்பைக்குப் போய்விடும். பேப்பரில் சுற்றும் பழக்கமே வேண்டாம், டப்பா சட்டைப்பையில் இருக்கட்டும்.

கழுவத் தனி பிரஷும் கொஞ்சம் சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போதும். வெந்நீர் பட்டால் பிளேட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கழற்றும்போது முன்கம்பியைப் பிடித்து இழுக்காமல், பின்பல்லைப் பிடித்திருக்கும் கொக்கியில் விரலைக் கொடுத்து இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். மாட்டும்போது கையால் அழுத்துங்கள், கடித்து உட்காரவைத்தால் உடையும்.

எங்காவது உரசிப் புண்ணானால் வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் பிளேட்டைப் போட்டே வைத்திருந்தால், சிவந்த இடத்தைப் பார்த்து அவர் சரியான விளிம்பைத் தேய்த்துத் தருவார்.

பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முன்பற்கள் சேர்ந்துவிடும். அப்புறம் உடனே நிறுத்தக் கூடாது, கடைவாய்ப் பற்கள் பொருந்தும்வரை மருத்துவர் சொல்கிறபடி போட வேண்டும். பலருக்குப் பிறகு பல்லில் ஒட்டும் கம்பியும் தேவைப்படும். பிளேட் போடும் முன்பே அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.