தோட்டத்து வீட்டுக்கு வழி: மேப்பில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பயன்படுத்துவது எப்படி?

கொங்குப் பக்கம் நிறையப் பேர் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். கதவு எண்ணும் பின்கோடும் சரியாக இருந்தாலும், தார் ரோட்டை விட்டு எந்த இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடத்தில்) திரும்புவது என்பது முகவரியில் இருக்காது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போட வரும் போர் வண்டிக்காரர் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு வந்துவிடுவார். ராத்திரியில் 108 வண்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. அதனால் தோட்டத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இடத்தைச் சரியாகக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

முதலில் போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சாட்டிலைட் படத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பு, கிணறு, ஓட்டு வீடு எல்லாம் தெரியும்வரை பெரிதாக்குங்கள். வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். தேடும் பெட்டியிலோ கீழே வரும் விவரத்திலோ 11.34100, 77.71720 என்பதுபோல எண்கள் இருக்கும். (இது ஈரோட்டுக்குள் ஓர் இடம்.) கணினி என்றால் வலது கிளிக் செய்யுங்கள், முதல் வரியிலேயே எண்கள் வரும், அதைத் தொட்டால் காப்பி ஆகிவிடும்.

நிற்கிற இடத்தின் எண்கள் வேண்டுமென்றால் நீலப் புள்ளியைப் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் நின்றால் அதைச் சுற்றிய வட்டம் பெரிதாக இருக்கும். வெட்டவெளிக்கு வந்து, வட்டம் சுருங்கிய பிறகு எடுங்கள்.

முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. நம் பகுதியில் முதலாவது பெரும்பாலும் 10, 11 என்றும், அடுத்தது 76, 77, 78 என்றும் தொடங்கும். இடம் மாற்றிப் போட்டால் குறி ஆர்க்டிக் பக்கம் கடலில் போய் விழும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டரைக் குறிக்கும். இரண்டே இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போகலாம், அது பக்கத்து ஊராகக்கூட இருக்கும்.

சில இடங்களில் 11 பாகை 20 நிமிடம் 27.6 விநாடி என்று இருக்கும். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்: 11.3410.

எந்த இடத்தின் எண்ணை அனுப்புவது என்பதில்தான் கவனம் வேண்டும். வீடு இருக்கும் இடத்தின் எண்களை மட்டும் கொடுத்தால், மேப் தனக்குத் தெரிந்த பக்கத்து ரோட்டில் வண்டியை நிறுத்திவிடும். அது வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் காடாக இருக்கலாம். இட்டேரி தொடங்கும் இடத்துக்கு ஒரு ஜோடி எண்கள், வீட்டு வாசலுக்கு ஒரு ஜோடி என்று இரண்டையும் அனுப்புங்கள். கூடவே ஒரு வரி: "முதல் இடத்தில் திரும்பவும், இட்டேரியில் லாரி வரும்" அல்லது "கார் மட்டும்தான் வரும்."

வாங்கியவர் அந்த எண்களை அப்படியே தேடும் பெட்டியில் ஒட்டினால் போதும். நடுவில் காற்புள்ளி இருக்கட்டும். நெட் கிடைக்காத தோட்டத்திலிருந்து சாதாரண எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்பலாம், போனில் இலக்கம் இலக்கமாகவும் சொல்லலாம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால், இரண்டு ஜோடி எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.