சைலோ அடைத்துக்கொள்வது ஏன்? துகளைத் தண்ணீராக நினைக்கும் தவறுகள்

தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக்கூட அடியில் அழுத்தமும் கூடிக்கொண்டே போகும். தானியமோ சிமெண்டோ நிரம்பிய சைலோவில், அதாவது உயரமான சேமிப்புக் கலனில், கதை வேறு. துகள்கள் சுவரோடு உராய்ந்து, எடையில் பெரும்பகுதியைச் சுவரின் தலையில் கட்டிவிடும். இதை 1895இல் ஜெர்மன் பொறியாளர் யான்சென் கணக்காக்கிக் காட்டினார். விட்டம் 4 மீட்டர், உயரம் 20 மீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 800 கிலோ, சுவர் உராய்வு எண் 0.4, பக்க அழுத்த விகிதம் (செங்குத்து அழுத்தத்தில் பக்கவாட்டில் திரும்பும் பங்கு) 0.5 என்று வையுங்கள். அடியில் அழுத்தம் சுமார் 39 கிலோபாஸ்கல்தான். அதே அடர்த்திக்குத் தண்ணீர்போல் கணக்குப் போட்டால் 157 வரும். மீதி, அதாவது ஏறக்குறைய முக்கால் பங்கு எடை, சுவர் வழியாக இறங்குகிறது. அடித்தளத்தைப் பலமாகக் கட்டிவிட்டு மெல்லிய தகட்டுச் சுவரைக் கவனிக்காமல் விட்டால், சுவர் கீழ்ப்பகுதியில் நசுங்கி மடியும். சரக்கு வெளியேறும் அடிவாயை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தாலும் ஆபத்துதான்: ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் குறைந்து வட்டச் சுவர் கோணலாகிவிடும்.

அடுத்தது, சைலோவின் அடியில் வாயை நோக்கிக் குறுகும் கூம்பின் சரிவு. கொட்டிய குவியல் நிற்கும் கோணத்தைப் பார்த்துச் சரிவை முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. அந்தக் கோணத்துக்கும் கூம்புக்குள் நடக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் குறைவு. அந்தத் தூள், அந்தத் தகடு, அந்த ஈரப்பதம் மூன்றையும் சேர்த்துச் சுவர் உராய்வைச் சோதிக்க வேண்டும். துகள் ஓட்டத்தை ஆராய்ந்த பொறியாளர் ஜெனிக்கே 1964இல் வகுத்துக் கொடுத்த வெட்டுச் சோதனை முறை (தூளை அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்தி உராய்வை அளப்பது) இதற்கு இன்றும் அடிப்படை. சரிவு போதாவிட்டால் நடுவில் மட்டும் கிணறுபோல் குழி விழும். ஓரத்துச் சரக்கு அசையாமல் கிடந்து கெட்டியாகும்.

வாயின் அளவு? ஒட்டாத பெருந்துகள்களுக்கு, வட்ட வாய் மிகப் பெரிய துகளைப்போல் 6 முதல் 8 மடங்கு இருக்கட்டும். 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 120 முதல் 160 மில்லிமீட்டர். நீள வாயென்றால் அகலம் 3 முதல் 4 மடங்கு, நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். நுண்தூளுக்கு இந்த விதி உதவாது. அங்கே தூள் வாய்க்குமேல் பாலம்போல் வளைவு கட்டி அடைப்பது துகளின் பருமனால் அல்ல, ஒட்டும் வலிமையால். தூள் ஓய்வில் கிடக்கக் கிடக்க அந்த வலிமை கூடும். நேற்று ஓடிய தூள் நான்கு நாள் நிறுத்தத்துக்குப்பின் அடைப்பது இதனால்தான்.

வாய் பெரிதாக இருந்தும் பலர் அதை வீணாக்குகிறார்கள். கதவைப் பாதி திறந்து அளவைக் கட்டுப்படுத்துவது, சின்ன வாய் வைத்ததற்குச் சமம். கதவு முழுதும் திறந்திருக்கட்டும். அளவை, வாய்க்குக் கீழே சரக்கை அளவாக எடுத்துத் தள்ளும் ஃபீடர் பார்த்துக்கொள்ளும். சுழலும் திருகால் சரக்கைத் தள்ளும் ஸ்க்ரூ ஃபீடரில் மரை இடைவெளி ஒரே அளவாக இருந்தால் பின்முனையில் மட்டுமே சரக்கு இறங்கும். வெளியேறும் திசையில் இடைவெளி கூடிக்கொண்டே வர வேண்டும். ஃபிளாஞ்ச் இணைப்பில் (இரு துண்டுகளின் விளிம்புகளைப் போல்ட்டால் சேர்க்கும் இடம்) கீழ்த் துண்டு மேலதைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். உள்ளே நீட்டிய சிறு விளிம்பும் ஓட்டத்தைத் தடுக்கும்.

அடைத்தபின் சுத்தியலால் அடிப்பது அடுத்த அடைப்புக்கு அடித்தளம். ஒவ்வொரு பள்ளமும் உட்புறம் ஒரு திண்டு. வைப்ரேட்டரைக் கதவு மூடியிருக்கும்போது ஓட்டினால் சரக்கு இன்னும் இறுகும். உள்ளே இறங்குவது மட்டும் கூடவே கூடாது: மேலே கெட்டியாகத் தெரியும் பரப்பின் கீழ் வெற்றிடம் இருக்கலாம், அது உடைந்தால் சில நொடிகளில் ஆள் புதைந்துவிடுவார். ஃபீடரின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டு, வெளியே நின்றபடி நீளக் கம்பியால்தான் கலைக்க வேண்டும்.